லக்ஸ் என்றால் என்ன என்று லூர்து சொன்னாள்

1948ஆம் ஆண்டு, டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது. வகுப்பறையில் ஈரப் பாவாடை வாடையும் கடற்கரையிலிருந்து வந்த கருவாட்டு வாடையும் கலந்திருந்தன. வழக்கம்போல் வருகைப்பதிவு, கணக்கு, அடுத்து ஆங்கிலம்.

நாசரேத்திலிருந்து வந்திருந்த எங்கள் டீச்சர் கரும்பலகையில் ‘எலுசிடேட்’ என்று எழுதி, தெளிவுபடுத்துவது என்று பொருள் சொன்னார். பிறகு அகராதியைப் பார்த்து, இது லத்தீனிலிருந்து வந்தது, முன்னால் நிற்கும் ‘எ’ என்றால் வெளியே, உள்ளே இருப்பது ‘லக்ஸ்’ என்ற சொல் என்றார்.

“லக்ஸ்னா என்ன? யாருக்காவது தெரியுமா?”

பக்கத்தில் இருந்த என் சிநேகிதி லூர்து எழுந்தாள். “சாவு, டீச்சர்.”

“அப்போ டீச்சர் நம்மளக் கொல்லப் போறாவளா?” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

லூர்துவைக் குறை சொல்ல முடியாது. இப்போது மாதாகோவிலில் பூசை தமிழிலேயே நடக்கிறது. அப்போது எல்லாம் லத்தீன். இறந்தவர்களுக்கான பாட்டில்தான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருந்தது.

“ஒளி” என்றார் டீச்சர். “மறைஞ்சு கிடக்கிறதை ஒளிக்குக் கொண்டு வாரது.”

லூர்து சிரிக்கவில்லை. கொழும்புக்குப் போன அவள் அப்பா மிக்கேலின் தோணி, புயலுக்குப் பிறகு ஒரு மாதமாகத் திரும்பவில்லை. இறந்தவர் பூசை வைத்துவிடலாம் என்று பெரியப்பா தினமும் வந்து சொல்ல, அவள் அம்மா, “ஆளு வந்து வாசல்ல நின்னா எந்த மொகத்தோட பாப்பிய?” என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை நானும் லூர்துவுடன் அவள் வீட்டுக்குப் போனேன். வகுப்பில் நடந்ததை அவள் சொன்னாள். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

“ஏளா, அந்தப் பாட்டுல வெளிச்சமா கேக்காவ?”

“ஆமாம்மா.”

“நெசமாத்தானா?”

“டீச்சர் புஸ்தகத்தப் பாத்துச் சொன்னாவ.”

அம்மா மறுபடி அரியத் தொடங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். பூசைக்குப் பெயர் பதியும் உபதேசியார் கேட்டார்: “செத்தவியளுக்கா, இருக்கவியளுக்கா?”

“மிக்கேல்னு மட்டும் எழுதும். எங்கன இருந்தாலும் வெளிச்சம் வேணும்லா.”

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெயரை மட்டும் எழுதினார்.