அப்பா ஆசனம்

லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கும் அந்த மனுஷர், ஒரே ஒரு வகுப்புக்குப் போய்வந்து தன்னை யோகா மாஸ்டராகவே நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈர விரிப்புகளைத் தூக்கும் அவர் மனைவிக்கு இந்தக் கிறுக்கு புதிதல்ல. முன்பு மீன் தொட்டி, பிறகு கிதார். மீன்கள் செத்து மிதந்தன, கிதார் பீரோ மேல் தூங்குகிறது. இப்போது பிள்ளைகள் இரண்டும் மாட்டிக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் பாதி துடைத்திருந்த ஹாலில் பாயை விரித்தார்.

"மூச்சைக் கவனிங்க. மனசு அமைதியா இருக்கணும்" என்றவர், சின்னவள் சிரித்ததும், "அமைதியா இருன்னு சொன்னேன்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். கால்விரலைத் தொட்டுக் காட்டக் குனிந்தார். தொப்பை முட்டி, கை முழங்காலோடு நின்றுவிட்டது.

"சரி, வீட்ல இருக்கிறவங்க பேர்ல ஆளுக்கொரு ஆசனம் நீங்களே கண்டுபிடிங்க" என்று சமாளித்தார். வகுப்பில் கற்ற வித்தையாம்.

பெரியவன் குனிந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் சோபாவுக்கு அடியில் துடைத்தான். "இது அம்மா ஆசனம்."

"பிரமாதம்! அப்பா ஆசனம்?"

சின்னவள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள்.

"அது சவாசனம்டா கண்ணு!" குருநாதர் பூரித்துப்போனார்.

"இருங்கப்பா, இன்னும் முடியல." கண்ணைத் திறக்காமலே ஒரு கையை மட்டும் நீட்டினாள். "ஏய், தண்ணி கொண்டா!"

அவர் மனைவி பக்கம் திரும்பி முறைத்தார். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"மாஸ்டர்தான்" என்றாள் அவள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.