ஆம்ப்ளிஃபயர் கடையில் ஒரு லேப்டாப்

ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவருக்கு இரண்டு விதமான இரைச்சலைச் சமாளிக்கத் தெரிய வேண்டும்: ஒன்று ஸ்பீக்கரிலிருந்து வருவது, இன்னொன்று கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் எங்கள் கடை. அண்ணன் செல்வம் மைக் செட் வாடகைக்கு விடுகிறான். நான் ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் குப்பை கொட்டிவிட்டு, இந்த வேலைதான் எனக்குப் பிடிக்கிறது என்று தெரிந்து திரும்பி வந்தவள். வரும்போது கையோடு கொண்டுவந்தது ஒரு லேப்டாப். விரலில் சால்டரிங் சூடு வாங்கியவர்கள், வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியவர்கள் எல்லோரும் வாருங்கள், உட்காருங்கள். இது நம் கதை.

படம் ஓடுதா?

பவர் சப்ளைக்கென்று ஒரு சிமுலேஷன் சாஃப்ட்வேர் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கெப்பாசிட்டர் என்று எல்லாவற்றையும் திரையில் வரைந்து, இது இத்தனை வோல்ட், அது இத்தனை ஓம் என்று கொடுத்துவிட்டால், கரண்ட் எப்படிப் போகும், வோல்டேஜ் எங்கே சரியும், எங்கே அலை அடிக்கும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். அந்த அலைதான் ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று கேட்கும். சால்டர் உருகுவதற்கு முன்னாலேயே தப்பு தெரிந்துவிடுவதால், புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

இதையெல்லாம் முதன்முதலில் நான் விளக்கியது சீயமங்கலம் ஏழுமலையண்ணனிடம். அவரும் மைக் செட்காரர், எங்களிடம் நிரந்தர வாடிக்கை. அவர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துவிட்டு நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் பொறுமையாக, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றாகப் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்கும் சந்தோஷம். அப்புறம் என் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த அளவில் ரகசியமாகக் கேட்டார்:

“செல்வம், தங்கச்சி ஹார்ட் டாக்டருக்குப் படிச்சிருக்குதா இன்னா?”

நாலுக்கு எட்டாப் போடு

அதே ஏழுமலையண்ணன்தான் அடுத்த முறை, “கெப்பாசிட்டர் நாலு போடற எடத்துல எட்டாப் போடு. அடி சும்மா நெஞ்ச தூக்கணும்” என்று வந்து நின்றார். கெப்பாசிட்டர் என்பது வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் காலியாக இருக்கும் தொட்டி முதலில் நிரம்ப வேண்டுமே. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் எட்டு கெப்பாசிட்டரும் சேர்ந்து எவ்வளவு கரண்டை இழுக்கும் என்று திரையில் ஓட்டிக் காட்டினேன். கோடு மேலே ஏறித் திரையை விட்டே வெளியே போய்விட்டது. கரண்ட் மெதுவாக ஏறுவதற்கு ஒரு ரெசிஸ்டரும் ரிலேயும் வைத்துத் தருகிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். கல்யாண வேலை, பொறுக்க முடியாது, எட்டும் போட்டாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய இரண்டு ஆம்ப்ளிஃபயரிலும் போட்டுக் கொடுத்து, இரண்டு பெட்டியையும் ஒரே சுவிட்சில் போடாதீர்கள், ஒன்று போட்டு நிதானித்து அடுத்தது போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்கும்போது இரண்டையும் ஒரே சுவிட்சில் போட்டிருக்கிறார். மண்டபத்து மெயின் ஃபியூஸ் போய்விட்டது. ஃபேன் நின்றது, லைட் அணைந்தது, வீடியோக்காரரின் ஃபோகஸ் லைட்டும் அணைந்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் அசராமல் வாசித்ததால், மாப்பிள்ளை இருட்டில் தடவித் தாலியைக் கட்டி முடித்துவிட்டார். மறுநாள் காலை ஏழுமலையண்ணன் ஆம்ப்ளிஃபயரோடு கடை வாசலில் நின்றார். கோபத்தோடு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு லேப்டாப்பைக் கை காட்டினார்:

“அந்தக் கோடு வெளிய போச்சே, அது எங்க போச்சின்னு நேத்து மண்டபத்துலதான் பாத்தேன்.”

கம்பியின் கனம்

எங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவர் அவலூர்பேட்டை வேலு. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், வேலையில் சுத்தம், வாயில் காரம். ஒரு முறை அவர் தந்த டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போது சரியான வோல்டேஜ் காட்டியது. பாட்டைப் போட்டதும் சரிந்தது. சாஃப்ட்வேர் சொன்னதைவிட அதிகமாகச் சரிந்தது. மீட்டரை வைத்துச் சுற்றின் ஓம் அளவைப் பார்த்து, அதைச் சாஃப்ட்வேரில் போட்டேன். திரையிலும் அச்சு அசலாக அதே சரிவு. ஆக, கம்பி மெலிசு.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு அவலூர்பேட்டை பஸ் ஏறினேன். சந்தை நாள், பஸ்ஸில் கத்தரிக்காய் மூட்டைக்கும் ஒரு சேவலுக்கும் நடுவில் உட்கார இடம் கிடைத்தது. வேலு என்னைப் பார்த்ததும், “இன்னாமே, என் வேலைல குத்தம் கண்டுபிடிக்க மிஷின் தூக்கினு வந்துட்டியா?” என்றார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி, இப்போதிருக்கும் கம்பிக்கு ஒரு கோடு, அதற்கடுத்த தடிமனுக்கு ஒரு கோடு, அதைவிடத் தடிமனுக்கு ஒரு கோடு என்று ஓட்டிக் காட்டினேன். நடுக் கோடே போதும் என்பது யார் பார்த்தாலும் தெரியும். வேலு கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கம்பியைத்தான் போட நினைத்ததாகவும், அன்றைக்குக் கடையில் தீர்ந்துபோனதால் இருந்ததை வைத்துச் சுற்றியதாகவும் சொன்னார். அப்புறம் அவரே, “தடிமன் கம்பி போட்டா கோர்ல எடம் பத்துமா, அத கேளு உன் பொட்டிய” என்றார். கம்பி சுற்றும் இரும்புச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அந்தப் பதில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டீ வந்தது. சுற்றி முடித்த பிறகு அவிழ்த்து எறிவதைவிட முதலிலேயே ஓட்டிப் பார்ப்பது மேல் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னலைத் தட்டிச் சொன்னார்:

“இனிமே பொட்டி சொல்லட்டும், நான் சுத்தறேன், சரியா வரலன்னா பொட்டிய திட்டு, என்ன திட்டாத.”

பொண்ணு சாஃப்ட்வேர்

தரகர் என்னைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் சொன்னது ஒரே வரி: ‘பொண்ணு சாஃப்ட்வேர்.’ பொய் என்று சொல்ல முடியாது. நாளெல்லாம் சாஃப்ட்வேரோடுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறைய வந்தார்கள். வந்த வழியில் கோட்டையையும் ஏறிப் பார்த்துவிட்டு வந்ததால் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது, எல்லோருக்கும் பசி. மாப்பிள்ளையின் அப்பா, “எந்தக் கம்பெனிமா? வீட்லர்ந்தே வேலையா?” என்று கேட்டார். வீட்டுக்குப் பக்கத்திலிருந்து என்றேன். அவருக்கு நிஜமாகவே ஆர்வம். லேப்டாப்பைக் கொண்டு வரச் சொன்னார். நான் ஒரு பவர் சப்ளையை ஓட்டிக் காட்டினேன். மாப்பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். அவர் வீட்டு ஹோம் தியேட்டர் உறுமுகிறதாம், அதையும் இதில் பார்க்க முடியுமா என்று கேட்டார். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா, பூ வைத்துவிடுவதற்காக என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் பழைய சூட்டுத் தழும்பு, கட்டை விரலில் அந்த வாரத்துப் புதுசு. கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு தரகரை நிமிர்ந்து பார்த்தார். அந்த இடம் கூடிவரவில்லை. எனக்கு வருத்தமும் வரவில்லை. ஹோம் தியேட்டரை மட்டும் யாரிடமாவது காட்டியிருப்பார்களா என்று அவ்வப்போது தோன்றும். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்:

“வேல சாஃப்ட்வேர்னீங்க, கை இன்னாங்க அடுப்புல விட்ட மாதிரி இருக்குது?”

தரணேந்திரன் சாரின் காது

தரணேந்திரன் சார் ரிட்டையர்டு வாத்தியார், எங்கள் பக்கத்துச் சமணர்களான நயினார் குடும்பம். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க அமைதியான ஆம்ப்ளிஃபயர் ஒன்று வேண்டும் என்றார். கட்டினேன். அலை என்று சொல்லவே முடியாத அளவுக்கு வழவழவென்று கோடு காட்டியது சாஃப்ட்வேர். அவர் காதை ஸ்பீக்கரில் வைத்து, “உம்னு கேக்குதும்மா” என்றார். எனக்குக் கேட்கவில்லை, அண்ணனுக்கும் கேட்கவில்லை. திரையைக் காட்டினேன். மரியாதையாகப் பார்த்துவிட்டு மறுபடி காதை வைத்தார். “இருக்குதும்மா.” பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டியவர் என்பதால் நாலரை மணிக்குக் கிளம்பிவிடுவார், மறுநாள் மதியம் திரும்ப வருவார், காதை வைப்பார், “இருக்குதும்மா.”

ஒரு நாள் ரோட்டில் லாரி எதுவும் போகாத இடைவெளியில் எனக்கும் கேட்டுவிட்டது. சாஃப்ட்வேர் பொய் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்குள் எந்தப் பக்கம் பார்த்து வைத்தேன் என்று அது கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. பாட்டு உள்ளே வரும் ஒயரை ஒட்டி அது உட்கார்ந்திருந்தது. போல்ட்டைத் தளர்த்தி டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பத் திருப்ப, சார் காதை எடுக்காமலே கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்: இன்னும், இன்னும், போதும். உறுமல் அடங்கியது. அந்தக் கோணத்திலேயே முறுக்கிவிட்டேன். இவ்வளவு நல்ல காது யாருக்கும் பார்த்ததில்லை சார் என்றேன். சிரித்தார்:

“முப்பது வருஷம் கடைசி பெஞ்சில யார் பேசறதுன்னு கேட்டுப் பழகினதும்மா.”

தேர் அன்றைக்கு

பனமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் தேர்த் திருவிழா. அந்த ஊருக்கு வருகிற கரண்ட் லைனில் கடைசி ஊர் அதுதான். மதியம் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும். முந்தைய வருஷம் வேறொரு மைக் செட்காரர் வைத்து, பேசியது எதுவும் புரியாமல் கொர்கொர் என்று இழுத்ததாம். இந்த வருஷம் அண்ணனுக்குக் கொடுத்தார்கள். விழாத் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், இதிலும் சத்தம் இழுத்தால் சுத்துப்பட்டு ஊர் எதிலும் செல்வத்தின் செட் ஏறாது என்று. அண்ணன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

நான் லேப்டாப்பில் உள்ளே வருகிற கரண்டை நூற்றறுபது வோல்ட்டுக்கு இறக்கி ஓட்டினேன். மைக்குக்குப் போகும் சப்ளைதான் முதலில் கவிழ்ந்தது. டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றைக் கூட்டினால் மதியம் சரியாகும். ஆனால் மோட்டார் நின்று வோல்டேஜ் ஏறியதும் கெப்பாசிட்டர் தாங்காது. அதையும் ஓட்டிப் பார்த்தேன். கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு டேப், அதாவது சுற்றின் இரண்டு இடத்திலிருந்து வெளியே இழுத்த ஒயர், வோல்டேஜுக்குத் தகுந்தபடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாற்றும் ஒரு ரிலே என்று முடிவு செய்தேன். வேலு சுற்றினார், நான் கட்டினேன். கடையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாகிவிட்டது. இது நிற்கும் என்று அண்ணனிடம் சொன்னேன். ‘நிற்கும்னு நினைக்கிறேன்’ என்று சொல்லவில்லை. அவன் என்னையே பார்த்துவிட்டு, “சரி, ஏத்து வண்டில” என்றான்.

தேர் பாதித் தெரு தாண்டியபோது, ஒரு அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு பந்தலுக்கு ஓடி வந்தார். அவருடைய பெண் குழந்தையைக் காணவில்லை. ரோஸ் பாவாடை, பேர் தர்ஷினி. தேருக்கு முன்னால் ஏரிக்கரை வரைக்கும் ஜனம். சரியாக அதே நேரம் பந்தல் டியூப் லைட் சிமிட்டி மங்கியது. மோட்டார்களைப் போட்டுவிட்டார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரிலே மாறிவிட்டது. “பேசுங்கம்மா” என்று மைக்கைக் கொடுத்தேன். டியூப் லைட் செத்தே போயிற்று. அந்த அம்மாவின் குரல் மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் ஊர் முழுக்கப் போனது. “தர்ஷினி! அம்மா மைக்காண்ட நிக்கிறேன்டி, பச்ச பந்தலு, யாரனா புள்ளய பாத்தா கூட்டினு வாங்கய்யா!” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அழுகை வந்து குரல் உடைந்ததுகூட அப்படியே தெளிவாகக் கேட்டது. நான் பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றேன். சூடு அளவாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஐஸ் வண்டிக்காரர் ஒருவர், ஒரு கையில் வண்டியும் ஒரு கையில் குழந்தையுமாக, ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்து சேர்ந்தார். ரோஸ் பாவாடை, வாயெல்லாம் ஆரஞ்சு. அந்த அம்மா மைக்கைப் போட்டுவிட்டு ஓடிப் போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். முதுகில் ஒன்று வைத்தார், திரும்பவும் கட்டிக்கொண்டார். கீழே விழுந்த மைக் ஓடிக்கொண்டிருந்ததால், குழந்தை சொன்னதை மொத்தத் திருவிழாவும் கேட்டது:

“இன்னாத்துக்குமா கத்தினே இருக்க, மொத தடவையே கேட்டுச்சி, ஐஸ் முடிச்சிட்டு வரலாம்னு இருந்தேன்.”

பவர் சப்ளை ஒழுங்காக நின்றால் மைக்கில் பேசியவருக்குப் பேர், நிற்காவிட்டால் கட்டியவருக்குப் பேர். ஆக, எப்படிப் பார்த்தாலும் யாருக்காவது பேர் வாங்கிக் கொடுக்கிற தொழில்தான் நம்முடையது.