நாற்பது கட்டில் திட்டம்

அவருக்குத் 'திட்டம்' என்று பெயர் வைத்தது அவருடைய மனைவிதான். அது மெல்லப் பரவி, முதியோர் இல்லத்தில் 'திட்டம் சார்' ஆகிவிட்டது. அவரும் மறுக்கவில்லை, மறுக்க முகமும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதுக்குள் ஏழு தொழில்களுக்குத் திட்டம் எழுதியவர். ஏழும் படுத்துவிட்டன. எழுதாமல் தொடங்கிய எட்டாவது மட்டும் ஓடியது.

அந்த எட்டாவதும் அவராகத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. ஏழாவதான டைல்ஸ் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாளில் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தார். எதிர்வீட்டுக்காரர், "அப்படியே எங்க அம்மாவையும் பகல்ல கொஞ்சம் பார்த்துக்க முடியுமா?" என்றார். பகல் இரவாயிற்று, இரண்டு கட்டில் நான்காயிற்று. பதினோரு வருடத்தில் ஒரு பெரிய வாடகை வீடும் பத்தொன்பது கட்டிலும் ஆகிவிட்டன. அந்த நர்ஸ்தான் இன்று எல்லோரையும் ஆட்டிவைக்கும் சிஸ்டர். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "சமூகத்தின் தேவையை ஆராய்ந்து பார்த்தபோது..." என்று ஆரம்பிப்பார். பக்கத்தில் மனைவி இருந்தால் இருமுவாள்.

இப்போது அந்த வீட்டுக்கு ஆபத்து வந்திருந்தது. வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான். நான்கு மாதத்தில் காலி செய்ய வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் பத்தொன்பது பேரும் திசைக்கொருவராகப் போக வேண்டியதுதான். மூன்றாம் அறையில் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்று எட்டு வருடமாகச் சண்டை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தபோது மற்றவள் நான்கு நாளும் தூங்கவில்லை. அவர்களைப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்பும் வேலையைச் செய்ய அவருக்குத் தைரியம் கிடையாது. தைரியம் இல்லாத இடத்தில் அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். திட்டம் எழுதினார்.

நாற்பத்திரண்டு பக்கம். ஏரிக்கரையில் நொடித்துப்போன ஒரு ஹோட்டல் விலைக்கு வந்திருந்தது. கீழ்த்தளத்தில் வரவேற்பறை, உடற்பயிற்சிக் கூடம், பார்வையாளர் காப்பி அரங்கம். மேலே இரண்டு மாடிகளில் ஏரியைப் பார்த்த அறைகளில் நாற்பது கட்டில். கண்ணில் புரை விழுந்தவர்கள் ஏரியை என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. ஏரி அவர்களுக்கல்ல, பணம் கட்டும் பிள்ளைகளுக்கு. புதிதாக வருகிறவரை எப்படி வரவேற்பது என்பதற்கே மூன்று பக்கம். பூங்கொத்து, பழச்சாறு, பிறகு சக்கர நாற்காலியில் நேராக லிப்ட். காலி நாற்காலி ஒன்றைத் தானே தள்ளிப்போய், லிப்டில் ஏற்றி இறக்கி, இஞ்சு டேப்பால் அளந்தும் வைத்திருந்தார். ஏழு திட்டத்திலும் விட்ட கோட்டையை இதில் பிடித்துவிட்டதாக நம்பினார்.

முன்பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் மனைவியையும் சிஸ்டரையும் இல்லத்து ஆம்புலன்ஸ் வேனிலேயே அழைத்துப் போனார். புரோக்கர் வாசலில் காத்திருந்தார். சிஸ்டர் குழாய்களைத் திறந்தார், குளியலறைத் தரையைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார். இரண்டாம் மாடி லிப்ட் முன்னால் நின்றார்.

"சார், இதுல ஸ்ட்ரெச்சர் போகுமா?"

"வீல்சேர் தாராளமா போகுது சிஸ்டர். நானே அளந்தேன்."

"வீல்சேர்ல வருவாங்க. போறப்ப?"

திட்டம் சார் நாற்பத்திரண்டு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினார். வருகிறவர்களுக்கு மூன்று பக்கம் இருந்தது. போகிறவர்களுக்கு ஒரு வரி இல்லை. எண்பது வயதுக்காரர்களை நம்பி இருபது வருடக் கடனுக்குக் கணக்குப் போட்டவர், அதில் ஒருவர்கூடச் சாகமாட்டார் என்று முடிவு கட்டியிருந்தார்.

"கொஞ்சம் சாய்ச்சா போயிடும்," என்றார் புரோக்கர்.

"யாரைச் சாய்க்கிறது?" என்றார் சிஸ்டர்.

திட்டம் சார் வீம்புக்கு, "என்னையே சாய்ங்க" என்று சொல்லிவிட்டார். வேனிலிருந்த காலி ஸ்ட்ரெச்சரை டிரைவர் நிமிர்த்தித் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்தார். அவரைப் படுக்கவைத்து, மார்பிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டை போட்டுக் கட்டினார்கள். மனைவி அளவுக்கு மீறிய அக்கறையோடு ஒரு பட்டையை இன்னும் இறுக்கினாள். டிரைவரும் புரோக்கரும் தூக்கிச் சாய்த்து லிப்டுக்குள் செருகினார்கள். தலை உள்ளே போயிற்று, கால் வெளியே நின்றது. கதவு வந்து அவர் பாதத்தைத் தொட்டுவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போனது. "தயவுசெய்து கதவுக்கு வழிவிடவும்" என்றது லிப்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். மறுபடி கதவு வந்தது, தொட்டது, திரும்பியது. ஐந்தாவது தடவை சொன்னபோது குரலில் சலிப்புத் தட்டியதாக அவருக்குப் பட்டது.

"படி வழியா போகலாம்," என்றார் புரோக்கர்.

"அவிழ்த்து விடுங்க, நடந்தே வர்றேன்."

"நடந்து வர்றவங்களுக்கு எதுக்கு சார் ஸ்ட்ரெச்சர்?" என்றார் சிஸ்டர். "சோதனைன்னா முழுசா இருக்கட்டும்."

மாடி திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. மூச்சு வாங்கிய புரோக்கரும் டிரைவரும் அவரை ஒரு பீரோவைப் போலச் சுவரில் சாத்திவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"சார், மாசத்துக்கு எத்தனை தடவை இது தேவைப்படும்?" புரோக்கர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கட்டிய நிலையில் மனிதனுக்கு யோசிக்க மட்டும்தான் முடிகிறது. கை கட்டுண்டிருந்ததால் அவரால் எதையும் எழுத முடியவில்லை. அதனாலோ என்னவோ, ஒரு நல்ல யோசனை வந்தது. நிமிர்த்தியபடியே கீழே கொண்டுவந்து இறக்கி அவிழ்த்துவிட்டதும், ஒரு பக்கத் தலைமுடி நிமிர்ந்து நிற்க, வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஹோட்டல்காரரிடம் போனார். ஹோட்டல்காரருக்கு எழுபத்தைந்து வயது. முதல் மாடியில் தனியாகக் குடியிருந்தார். படியில் நடந்த கூத்தையெல்லாம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ஐயா, முழுசா வாங்கற எண்ணத்தை விட்டுட்டேன். கீழ்த்தளத்தை மட்டும் பத்து வருஷ வாடகைக்குக் கொடுங்க. சாப்பாட்டுக் கூடத்தையும் விழாக் கூடத்தையும் தடுத்தா இருபத்திரண்டு கட்டில் போடலாம். மேல நீங்க ஹோட்டலே நடத்துங்க. எங்க ஆளுங்களைப் பார்க்க வெளியூர்ல இருந்து பிள்ளைங்க வர்றாங்க. தங்க இடமில்லாம அதே நாள் திரும்பிடறாங்க. அவங்க படியேறுவாங்க, லிப்ட்லயும் அடங்குவாங்க."

ஹோட்டல்காரர் மேசையைத் தடவினார். "யோசனை தப்பில்ல. ஆனா ஒண்ணு. மேல கஸ்டமர் இருப்பாங்க. உங்க ஆளுங்க யாராவது தவறிட்டா, பின்பக்கம் சமையலறை வழியா கொண்டு போயிடணும். முன்வாசல்ல வேணாம்."

நியாயமான நிபந்தனை. பதினோரு வருடமாகத் திட்டம் சாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எல்லோரும் சாப்பிடும் நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கேட் வழியாகக் கொண்டுபோவார். விசாரிப்பவர்களிடம், "மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க." அப்படிப் பதினேழு பேர் மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதில் மூன்று பேருக்கு மகனே கிடையாது. சரி என்று தலையை ஆட்டினால் பத்தொன்பது பேருக்கும் இடம் உறுதி. ஆனால் சற்று முன்பு சுவரில் சாத்தப்பட்ட தலை ஆட மறுத்தது.

"இல்லைங்க. முன்வாசல்ல வர்றவங்க முன்வாசல்லயே போகட்டும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். புரோக்கர் அவர் முதுகில் கிள்ளினார். மனைவி இருமவில்லை.

"பார்க்கிறவங்க பயப்பட மாட்டாங்களா?" என்றார் ஹோட்டல்காரர்.

"பயப்படட்டும் ஐயா," என்றார் சிஸ்டர். "எங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரியும். சார் மனசு நோகக் கூடாதேன்னு தெரியாத மாதிரி நடிக்கிறாங்க. ஒரு தடவை வாசல்ல நின்னு வழியனுப்ப விட்டா அவங்களுக்கும் நிம்மதி."

பதினோரு வருடம் எல்லோரையும் ஏமாற்றியதாக நினைத்திருந்த திட்டம் சார், ஏமாந்தவர் யார் என்று அந்த இடத்தில்தான் தெரிந்துகொண்டார்.

ஹோட்டல்காரர் படிக்கட்டைப் பார்த்தார். திரும்புமிடத்துச் சுவரில் ஸ்ட்ரெச்சர் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"என்னை மாடியில இருந்து எப்படி இறக்குவாங்க?" என்றார்.

புரோக்கர் தன்னையறியாமல் தோளைத் தேய்த்தார்.

"இருபத்திரண்டு கட்டில்னு சொன்னீங்கல்ல. இப்ப எத்தனை பேர்?"

"பத்தொன்பது."

"இருபதுன்னு எழுதிக்குங்க. முன்வாசல் விஷயமும் நீங்க சொன்னபடியே எழுதிக்குங்க."

திட்டம் சாருக்குப் பூங்கொத்து, பழச்சாறு என்று என்னென்னவோ நினைவுக்கு வந்தன. அதற்குள் சிஸ்டர் முந்திக்கொண்டார்.

"பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"ஞாபகம் வந்தா போடுவேன்."

"இனிமே ஏழு மணிக்கு," என்றார் சிஸ்டர்.