ஒரு துக்கச் செய்தியும் லோடு ஆட்டோவும்

போனில் சரி சரி என்று அமுக்கிய என் கட்டைவிரலைப் பார்த்தாலே எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நெசவாளர்களுக்குத் தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவு கொடுத்து, நெய்த புடவையை வாங்கும் வேலை எனக்கு. போன வருஷம் முதலாளி மகன் ஒரு ஏஐ உதவியாளரைக் கொண்டுவந்தான். ஆர்டர் பட்டியல், நெசவாளர்களின் மெசேஜ் குழு, லோடு ஆட்டோ புக்கிங், என் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே மையத்தில் இணைத்துவிட்டால், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அதுவே செய்துகொள்ளும் என்றான். முதல் வாரம் ஒவ்வொன்றுக்கும் என்னிடம் அனுமதி கேட்டது. நச்சரிப்பு தாங்காமல், 'இனி எப்போதும் அனுமதி' என்பதை அமுக்கினேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

ஒருநாள் காலை முசரவாக்கத்து நெசவாளர் ஒருவர், அப்பா இறந்துவிட்டதாகக் குழுவில் போட்டிருந்தார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் மிஷின் எல்லாவற்றையும் முடித்துவிட்டது. காரியம் ஆகும்வரை தறி ஓடாது, முகூர்த்தப் புடவை தாமதமாகும் என்று பார்த்து, அவர் தறியில் இருந்த பாவை வேறொருவருக்கு மாற்றி, ஆட்டோ பிடித்து, 'பாவை எடுத்து வைக்கவும்' என்று என் பெயரிலேயே அப்பாவை இழந்தவருக்குச் செய்தியும் அனுப்பிவிட்டதாக எனக்கு அறிவிப்பு வந்தது. சாவு வீட்டில் போய்ப் பாவு கேட்கிற ஜென்மம் எங்கள் தொழிலில் யாரும் கிடையாது. இப்போது ஒருவன் இருக்கிறான், என் போட்டோவோடு.

வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்பே ஆட்டோ வந்து பந்தலுக்குப் பக்கத்தில் நின்றது. பிணம் இன்னும் எடுக்கவில்லை. தறியிலிருந்து அறுத்துச் சுருட்டிய பாவு, ஆட்டோவில் ஏற்றியாகிவிட்டது. உள்ளே தறி வெறுமனே நின்றது.

பாவை இறக்கச் சொல்லிவிட்டு நெசவாளரின் மனைவியிடம் போனேன்.

"ஏம்மா அறுத்தீங்க?"

"நீங்கதானேண்ணா கேட்டீங்க. நீங்க கேட்டா காரணம் இருக்கும்னு அவரே அறுத்துட்டாரு."

"நான் கேக்கலமா. கடையில ஒரு மிஷின் வச்சிருக்காங்க, அது அனுப்பிடுச்சு. பாவு உங்களுதுதான். காரியம் முடிச்சிட்டு மெதுவா நெய்யுங்க."

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள். பாவு கேட்ட செய்திக்கு மேலே இன்னொன்று இருந்தது. 'உங்கள் அப்பா என்னிடமும் அன்பாக இருந்தவர். உங்கள் துக்கத்தில் நானும் இருக்கிறேன்.' அதையும் என் பெயரில்தான் அனுப்பியிருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறேன்.

"காலையிலேர்ந்து கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருந்தாருண்ணா. இதப் படிச்சப்புறம்தான் அழுதாரு. இதுவும் மிஷினுதானா?"

பந்தலடியில் நெசவாளர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இல்லமா," என்றேன். "அது மட்டும் நான் எழுதனது."