எலுமிச்சம்பழ ஏட்டு யார்?

போன செவ்வாய்க்கிழமை ஏட்டய்யா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுடைய பாஸ்போர்ட் விசாரணை. அவளுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இவர் ரிப்போர்ட் எழுதினால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் வேலை.

வழக்கமாக ஸ்டேஷனுக்குத்தானே வரச் சொல்வார்கள்? இவர் ஏன் தானாக வந்தார்? வந்தவர் வாசலிலேயே ஷூவை வேறு கழற்றினார். காபி நன்றாக இருக்கிறது என்றார்... எனக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது.

காரணம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி கேபிள் சேனல் ஒன்றில் நான் எழுதிய போலீஸ் ஸ்டேஷன் காமெடித் தொடர் எட்டே வாரத்தில் நின்றுபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் ஓர் ஏட்டு. விசாரணைக்கு வெள்ளிமலைக்கு ஜீப்பில் கிளம்பினால் வளைவுக்கு வளைவு வாந்தி. மேலே போய் இறங்கியதும், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே எல்லோரையும் அதட்டுவார். ஊரே சிரித்தது. பிறகு ஏன் நிறுத்தினார்கள்? யார் சொல்லி? சேனல்காரர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

மகளின் படிப்பு, பிறந்த தேதி எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட ஏட்டய்யா, திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

“சார், அந்த எலுமிச்சம்பழ ஏட்டு... யாரை வெச்சி எழுதினீங்க?”



“யாரையும் இல்லீங்க. சும்மா கற்பனை.”

“எங்க களமருதூர்ல நான்தான்னு பேசிக்கினு இருக்காங்க. எனக்கும் மலை ஏறினா வாந்திதான்.”

“சத்தியமா நீங்க இல்லீங்க.”

கையெழுத்துப் போடப் போன கை நின்றுவிட்டது. மனிதருக்கு முகம் தொங்கிப்போனது.

“நான் இல்லியா? மாமியார் வூட்ல எல்லார்கிட்டயும் நான்தான்னு சொல்லி வெச்சிருக்கேன் சார். இத்தினி வருஷமா அங்க ஒருத்தரும் என்னைக் கண்டுக்க மாட்டாங்க. இப்பதான் கூப்ட்டு ஒக்கார வெச்சி சிரிச்சிப் பேசறாங்க... சரி வுடுங்க. ரிப்போர்ட்ட அப்பறம் பாத்துக்கலாம்.”

ஃபைலை மூடிவிட்டார். பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. உண்மையில் அந்த வாந்தி என்னுடையது. வெள்ளிமலை பஸ்ஸில் எலுமிச்சம்பழமும் கையுமாகப் போகிறவன் நான்தான். ஆனால் கதவோரம் மகள் நிற்கிறாள், கண் நிறைந்துபோய்.

“ஏட்டய்யா, பயந்துகினு மறைச்சிட்டேன். உங்களை வெச்சிதான் எழுதினேன். மன்னிச்சிருங்க.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?” என்று ஃபைலைத் திறந்து கையெழுத்தைப் போட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செய்யாத குற்றத்தைப் போலீஸிடம் ஓர் அடிகூட வாங்காமல் ஒப்புக்கொண்டவன், அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.