நைனாவின் வாயில் இரவல் குரல்

ஈரமான பள்ளிக்கூடச் சாக்ஸ் பழைய பெட்டி டிவியின் முதுகுச் சூட்டில் காயும்போது ஒரு வாடை வரும். பாதி சோப்பு, பாதி ரப்பர், கொஞ்சம் கருகல். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் என் காதில் தானாகவே ஒரு சைரன் ஊளையிடும், அதன் பின்னால் பூட்ஸ் கால்கள் படியேறும் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு டிவி அந்த அளவுக்குச் சூடேறியது சனிக்கிழமை மாலைகளில்தான், அதுவும் அந்த ஒரு குற்றப் புலனாய்வுத் தொடருக்காகத்தான். "சூடு சொம்மாதானே போவுது" என்று அம்மா என் சாக்ஸையும் தன் கைக்குட்டைகளையும் அதன்மேல் பரப்பிவிட்டு வந்து உட்காருவாள்.

ராயபுரத்தில் தேவாலயத்துக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பாவை நான் அப்போது "நைனா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயர் சவரிமுத்து. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் அலையில் நகராதபடி அவற்றை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் "லாஷிங்" வேலை பார்த்தார். சனிக்கிழமை தொடர் தொடங்குவதற்குள் வீட்டில் ஜெபமாலை சொல்லி முடித்தாக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம், அதனால் கடைசி மணிகளை நாங்கள் மூச்சு விடாமல் ஓட்டுவோம். எதிர்வீட்டுக் காசி மாமா விசைப்படகு ஓட்டுபவர். அவர் வீட்டு டிவியில் படம் மட்டும் வரும், சத்தம் வராது. எங்கள் வாசற்படியில் குந்திக்கொண்டு உள்ளே குரல் கொடுப்பார்: "இன்னா சவரி, மாதா எங்கியும் போவ மாட்டாங்கடா. கேஸுதான் போய்டும்!"

அந்தத் தொடர் எத்தனை ஆண்டுகள் ஓடியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் கணக்குப் போடத் தொடங்கும் முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது, நான் கல்லூரிக்குப் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்த இன்ஸ்பெக்டரின் மீசை நரைத்ததை எங்கள் சந்தே கவனித்தது. அவர் குரலை உயர்த்தவே மாட்டார். கொலை நடந்த அறைக்குள் வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இங்கே இருக்கவேண்டியது எது இல்லை, இருக்கக்கூடாதது எது இருக்கிறது, கடைசியாகப் பார்த்தவர் யார் என்று, எந்த வாரமும் மாறாத வரிசையில் கேட்பார். இப்போது மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பம்ப் நின்றுபோனால் நானும் அதே வரிசையில்தான் கேட்கிறேன், கைகளும் தாமாகப் பின்னால் போய்விடுகின்றன. எங்கள் சந்தில் எந்தச் சங்கதிக்கும் முடிவு தெரியாது. மூலை வீட்டு சைக்கிளை யார் எடுத்தார்கள் என்று தெரியாது, துபாய்க்குப் போன பிலோமினா அக்கா ஏன் பேச்சே இல்லாமல் திரும்பி வந்தாள் என்று தெரியாது. தொடரில் மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றுக்கும் ஒரு "ஏன்" கிடைத்துவிடும். அந்த நிம்மதிக்காகத்தான் அதை அவ்வளவு நேசித்தேன் என்று நினைக்கிறேன். கடைசி விளம்பரத்துக்கு முன்னால் குற்றவாளி யார் என்று ஆளுக்கொரு பேர் சொல்லவேண்டும் என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் இருந்தது. நைனா எப்போதும் வாட்ச்மேனைச் சொல்வார். காசி மாமா எல்லா வாரமும் இன்ஸ்பெக்டரையே சொல்வார்: "அந்தாளுதான்யா எல்லா எடத்துலயும் கீறான்."

மாதத்தில் ஒரு கேஸாவது நகரின் வடக்கே, எங்கள் பக்கம் வந்துவிடும். துறைமுகத்துக் கிரேன்கள், காயும் வலை, ஒரு சேவல், பின்னணியில் தமுக்குச் சத்தம் என்று காட்சி தொடங்கினால், இந்த வாரக் கொலையாளி நம்ம ஏரியா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சந்தே கைதட்டும். "வாராவாரம் நாமளே கொல பண்ணிக்கினு கீறோம், அப்பால மீனு எப்படா புடிக்கிறது?" என்பார் காசி மாமா. அடியாட்களாக வருபவர்கள் எல்லோரும் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை "இன்னா நைனா" என்பார்கள். நாங்களும் அப்படித்தானே பேசுகிறோம், ஆனால் நாங்கள் பேசுவது அப்படி இல்லையே என்று எனக்கு அப்போதே லேசாகத் தோன்றியதுண்டு. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். திங்கட்கிழமை இடைவேளையில் என்னை நடுவில் நிற்கவைத்து, "அந்த ரவுடி மாதிரி பேசிக் காட்டுடி" என்பார்கள். என்னைப்போல் யாராலும் பேசிக் காட்ட முடியாது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரு கோடையில் அந்தத் தொடரே எங்கள் சந்துக்கு வந்தது. தெருமுனையில் பூட்டிக் கிடந்த கிடங்கு ஒன்றைக் கடத்தல்காரர்களின் பதுங்குமிடம் ஆக்கினார்கள். ஒரு காட்சியில் இன்ஸ்பெக்டர் துறைமுகத் தொழிலாளி ஒருவரை நிறுத்தி, காணாமல்போன பெட்டியைப் பற்றி விசாரிக்கவேண்டும். வரவேண்டிய நடிகர் வரவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்தில், ஷிப்ட் முடிந்து நெற்றியில் எண்ணெய்க் கறையோடு நின்ற நைனாவின் முகம் இயக்குநருக்குப் பிடித்துப்போனது. காசி மாமா அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்: "போ மாமு, எங்கள கொல மட்டும் பண்ணிடாத!"

பெட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, என்னை விட்டுவிடுங்கள் என்கிற அர்த்தம் வரும்படி அவர் பேசவேண்டும், "உங்க ஸ்டைல்லயே பேசுங்க, போதும்" என்று சொன்னார்கள். நைனாவின் தலைக்கு மேல் ஒரு கம்பில் மைக் தொங்கியது. இங்கேதான் எங்கள் சந்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. நைனா ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிக்கும்போது, அவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த சீடர் ராயப்பரின் பங்கு வருடா வருடம் நைனாவுக்குத்தான். மைக்குக்கு முன்னால் நின்றால் அவருக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு. சட்டைக் காலரைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார், நேராக நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியே நிறுத்திச் சொன்னார்: "ஐயா, அந்தப் பெட்டியைக் குறித்து எனக்கு எதுவும் தெரியாது. தயவுசெய்து என்னைப் போகவிடுங்கள்."

இயக்குநர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், உங்க ஊர்ல பேசுற மாதிரி பேசுங்க சார்" என்றார்.

"இதாங்க எங்க ஊர்ல பேசுறது" என்றார் நைனா.

இன்னும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறையும் அவர் இன்னும் திருத்தமாகத்தான் பேசினார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாகச் சங்கு ஊத, "சரி விடுங்க, டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது நைனாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கையை நைனா கழுவாமல் வைத்திருக்கிறார் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஒளிபரப்பான சனிக்கிழமை, டிவியை ஸ்டூலோடு தூக்கி வாசலில் வைத்தோம். சந்து முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மா கேசரி கிளறியிருந்தாள். நைனா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, முன்வரிசையில் உட்கார வெட்கப்பட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். தமுக்கு அடித்தது, கிரேன் வந்தது, சேவல் வந்தது. நைனாவின் முகம் திரை நிறைய வந்தது. சந்தே விசிலடித்தது. அவர் நிமிர்ந்து, காலரைச் சரிசெய்து, வாயைத் திறந்தார்.

"இன்னா சார், சொம்மா பேஜாரு பண்ணிக்கினு! பொட்டியும் தெர்யாது, கிட்டியும் தெர்யாது. ஆள வுடு நைனா!"

கரகரப்பான, இழுத்து இழுத்துப் பேசும் யாரோ ஒருவரின் குரல். நைனாவின் உதடுகள் நிதானமாக, மரியாதையாக அசைந்துகொண்டிருந்தன. அவர் வாயை மூடிய பிறகும் அந்தக் குரல் முடியவில்லை. "ஆள வுடு நைனா" மூடிய உதடுகளின் மேல்தான் விழுந்தது. இன்ஸ்பெக்டர், நாங்கள் வருஷக்கணக்காக நேசித்த எங்கள் இன்ஸ்பெக்டர், குரலை உயர்த்தாமல் ஏட்டையாவிடம் திரும்பி, "இவனுங்க எல்லாம் இப்படித்தான்யா" என்றார். படப்பிடிப்பன்று அப்படி ஒரு வசனத்தை நாங்கள் கேட்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் சிரித்துப் பழகியவர்கள் நாங்கள். என்னிடமிருந்தும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது யாருடைய முகம் என்று உறைத்தது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. காசி மாமா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "மாமு, அது உன் கொரலு இல்லியே?"

"இல்லடா" என்றார் நைனா. பிறகு, "கேசரி ஆறிக்கினு கீது, எல்லாருக்கும் குடுமே" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் நேருக்கு நேர் கேட்ட கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

திங்கட்கிழமை பள்ளியில் நான் அந்த வசனத்தைப் பேசிக் காட்டவில்லை. அந்த ஆள் எங்கள் அப்பா என்று உண்மையைச் சொன்னேன். தோழிகள் திகைத்துப் போனார்கள், நான் எதிர்பார்த்ததைவிட அன்பாக நடந்துகொண்டார்கள். யானைக்கவுனியிலிருந்து வரும் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே அங்கிள் வீட்ல அப்படித்தான் பேசுவாராடி?" என்று கேட்டாள். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "சீச்சீ, எங்க அப்பா அப்படிப் பேசவே மாட்டார். அது யாரோ குரல் கொடுத்தது. எங்க அப்பா சுத்தமான தமிழ்தான் பேசுவார்."

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்துக்கு நைனா அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். ஹேமா ஓடி வந்து, நல்லெண்ணத்தோடுதான், "அங்கிள், நீங்க டிவில வந்த மாதிரி பேசவே மாட்டீங்களாமே, சுத்தத் தமிழ்தானாமே, இவ சொன்னா" என்றாள். நைனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஒரு கம்பியை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கணக்குப் பார்க்கிற பார்வை. பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு, வாசகம் வாசிக்கும் குரலில் சொன்னார்: "ஆமாம் அம்மா. அது வேறொருவருடைய குரல்."

அன்று பேருந்தில் வரும்போது, "உட்கார் அம்மா, ஜன்னல் ஓரமாக உட்கார்" என்றார். வழக்கமாக "குந்துமே" என்பவர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் அப்படியே பேசினார், மறுநாளும் பேசினார். அம்மாவிடமும் காசி மாமாவிடமும் பழையபடி; நான் அறைக்குள் நுழைந்தால் குரல் மாறிவிடும். நானும் எப்போதோ அவரை "அப்பா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு பொய்யை அவர் மெய்யாக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஆண்டுகள் பிடித்தன. புரிந்தபோது அதைப் பற்றிப் பேச எங்களுக்குள் எந்தப் பாஷை மிச்சமிருக்கிறது என்று தெரியவில்லை.

பெட்டி டிவி போய்விட்டது. கிடங்கு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சந்தைவிட்டு நாங்கள் திருவொற்றியூரில் ஒரு அடுக்ககத்துக்கு வந்துவிட்டோம். தொடரும் ஒருவழியாக முடிந்துவிட்டது, ஆனால் பழைய பகுதிகள் எல்லாம் கைபேசியில் கிடைக்கின்றன. மணலியிலிருந்து திரும்பும் கம்பெனிப் பேருந்தில் இப்போதும் அவற்றைப் பார்க்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டியதும் மனம் அடங்கிவிடுகிறது. தமுக்குச் சத்தம் கேட்டால் மட்டும் அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடுகிறேன்.

போன வாரம் பேருந்து சீக்கிரம் வந்துவிட்டது. படியேறியபோது எங்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அப்பா பால்கனியில் காசி மாமாவிடம் போன் பேசிக்கொண்டிருந்தார். மாமா இப்போது முகத்துவாரக்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். "இன்னாடா மாமு, துன்னியா? காத்து எப்டி கீது? அட, சொம்மா கலாய்க்காதடா, எனுக்கு வயசாயி போச்சி…" கரகரப்பு இல்லை, இழுப்பு இல்லை. வேகமாக, மெத்தென்று, தண்ணீரில் கல் தட்டிப் போவதுபோல் போன பேச்சு. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டேன். கைப்பை கதவில் உரசியது.

"காசி, மகள் வந்துவிட்டாள். பிறகு கூப்பிடுகிறேன்" என்று போனை வைத்தார். என்னைப் பார்த்து, "வந்துவிட்டாயா அம்மா? சீக்கிரம் வந்திருக்கிறாயே" என்றார்.

எத்தனையோ நாளாக மனதுக்குள் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன்: "இன்னா நைனா, இன்னிக்கி இன்னா கொயம்பு?"

சொன்னது என் காதிலேயே விழுந்தது. தொண்டை கரகரத்திருந்தது, "நைனா" தேவைக்கு மேல் நீண்டிருந்தது. மூடிய உதடுகளின் மேல் விழுந்த அந்த ஆளின் குரல் அது. எங்கள் பேச்சு என்று என்னிடம் மிச்சமிருப்பதெல்லாம் தொடரிலிருந்து வந்ததுதான்.

அப்பாவுக்கும் கேட்டிருக்கவேண்டும். ஒரு கணம் என்னைப் பார்த்தார். கை காலருக்குப் போயிற்று.

"மீன் குழம்பு, அம்மா" என்றார். "கை கழுவிவிட்டு வா."