ஓரவஞ்சனையே கிடையாது

இரண்டு கோப்பைகளையும் ஒட்டி வைத்து, கண்ணை விளிம்பு மட்டத்துக்குத் தாழ்த்தி, பிளாஸ்கிலிருந்து தேநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறார். ஒன்று புகார் கொடுத்தவருக்கு, மற்றது புகாருக்கு ஆளானவருக்கு. பாகுபாடு ஒழிப்பு ஆணையத்தின் விசாரணை அதிகாரி அவர். அலுவலகத்தாருக்குத் தராசு ஐயா. ஒருமுறை ஒரு கோப்பையில் ஈ விழுந்துவிட, மற்றதில் போட இன்னொரு ஈயைத் தேடி ஜன்னல் ஜன்னலாக அலைந்தார் என்று பியூன் சத்தியம் செய்வார். பிடித்தும் விட்டாராம்.

"நம்மகிட்ட ஓரவஞ்சனையே கிடையாது" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். விசாரணையில் ஒருவர் தும்மினால் எதிராளிக்கும் தும்ம அவகாசம் தருவார். வீட்டிலும் அதே கதைதான். மகளுக்குப் பல்வலி என்றால் மகனும் பல் டாக்டரிடம் வாயைத் திறந்தாக வேண்டும். "எனக்குப் பிரசவம் ஆனப்போ இவரும் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டார்" என்பார் மனைவி.

ஆனால் வேலையில் புலி. போன மாதம் புகாரோடு வந்தவள், ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேஜைப் பெண். அடுப்பு வெடித்ததில் இடது கன்னம் வெந்து தழும்பாகியிருந்தது. விடுப்பு முடிந்து திரும்பியவளை மேனேஜர் துணி துவைக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்.

"சம்பளத்தைக் குறைக்கலை சார். ஆனா நாலு பேரைப் பார்த்துச் சிரிச்சுப் பேசின வேலை அது. இப்ப வாஷிங் மெஷினோட பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு அந்த மேஜைதான் வேணும்."

"வர்றவங்க முதல்ல பார்க்கிறது முகத்தைத்தானே சார்" என்று மேனேஜர் குழைந்தார்.

"ரூம் சாவியை முகமாய்யா எடுத்துக் குடுக்குது? கைதானே குடுக்குது. பழைய இடத்துல உட்கார வைக்கிறீங்களா, இல்லை ஃபைலை மேல அனுப்பட்டுமா?"

மேனேஜர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் விழுங்கித் தலையாட்டினார்.

அவள் மேஜைக்குத் திரும்பிய அன்றே, ஆணையத்தின் மாத இதழுக்குப் படம் பிடிக்க விடுதிக்கு ஆள் வந்தது. மேஜைக்குப் பின்னால் அவள். பக்கத்தில் புதுச் சட்டையும் கையில் பூங்கொத்துமாக ஐயா.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோம்மா. வெளிச்சம் அங்கேதான் நல்லா விழுது" என்றார் ஐயா.

அவள் திரும்பவில்லை. "இந்தக் கன்னத்துக்காகத்தானே சார் கேஸே நடந்தது?"

"அதானே" என்று ஐயா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, படக்காரர் பொத்தானை அமுக்கும் நேரம் பார்த்து, பூங்கொத்தை அவள் இடது கன்னம் மறையும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.